சமன்பாடா, ஆப்ஷனா, எண்ணிப் பார்ப்பதா? நுழைவுத் தேர்வுக் கணக்குக்கு எந்த வழி

பாலக்காட்டுக்குப் பக்கத்தில், கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வீட்டுத் திண்ணையில் பொழுது சாய்ந்ததும் இரண்டு பேர் கணக்குப் போட வந்து உட்காருகிறார்கள். ஒருத்தி என் அண்ணன் மகள். ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் மேலாண்மை படிப்பதற்கான கேட் (CAT) தேர்வை நவம்பர் கடைசியில் எழுதப் போகிறாள். கல்பாத்தித் தேர் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் தேர்வு வந்துவிடும். இன்னொருவன் அடுத்த தெருப் பையன். கோயம்புத்தூரில் நாலைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, வெளிநாட்டில் மேலாண்மை படிப்பதற்காக ஜீமேட் எழுதத் தயாராகிறான்.

ஒரே கணக்கை இருவரிடமும் கொடுத்தால் அவள் உடனே எக்ஸ், ஒய் என்று வைத்துச் சமன்பாடு எழுதத் தொடங்குவாள். அவன் பேனாவைத் தொடமாட்டான். கீழே உள்ள ஐந்து ஆப்ஷன்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். சில நாள் அவன் முந்துகிறான், சில நாள் அவள் முந்துகிறாள். "சித்தப்பா, ரெண்டுல எதுங்க நல்ல வழி? ஒண்ணையே பிடிச்சுப் பழகிக்கறேன்" என்று போன வாரம் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எல்லையோரத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பிளஸ் ஒன்னில் ஆங்கிலத்துக்கு மாறிய பிள்ளைகள் பலருக்கும் இதே குழப்பம் உண்டு.

முதலில் இரண்டு தேர்வுகளின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். 2024 கேட் தேர்வில் கணக்குப் பகுதிக்கு 40 நிமிடம், 22 கேள்விகள். ஒரு கேள்விக்கு 109 விநாடி. சரியான விடைக்கு 3 மதிப்பெண், ஆப்ஷன் உள்ள கேள்வியில் தவறினால் 1 கழிவு. சில கேள்விகளுக்கு ஆப்ஷனே கிடையாது, விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். அவற்றில் தவறினால் கழிவு இல்லை. திரையில் கால்குலேட்டர் உண்டு. ஜீமேட் இப்போதுள்ள வடிவத்தில் கணக்குப் பகுதிக்கு 45 நிமிடம், 21 கேள்விகள், அதாவது ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 128 விநாடி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆப்ஷன். அந்தப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. வடிவியலை எடுத்துவிட்டதால் எண்கணிதமும் இயற்கணிதமும்தான் முழுப் பகுதியும். ஒரு தேர்வில் ஆப்ஷன் எப்போதும் உண்டு, மற்றதில் சிலசமயம் இல்லை. எந்த வழியைப் பழகுவது என்ற முடிவில் பாதி இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது.

இனி இயற்கணிதம். நம் ஊர்க் கணக்காகவே எடுத்துக்கொள்வோம். ஒரு கடைக்காரர் தேங்காயும் இளநீருமாக 50 காய் விற்றார். தேங்காய் 20 ரூபாய், இளநீர் 35 ரூபாய், கிடைத்த பணம் 1300. இளநீர் எத்தனை? ஆப்ஷன்: 12, 15, 18, 20, 24.

அண்ணன் மகள் வழி: தே + இ = 50, 20தே + 35இ = 1300. முதல் சமன்பாட்டை 20 ஆல் பெருக்கிக் கழித்தால் 15இ = 300, இ = 20. சுத்தமான வழி, எங்கும் சறுக்காது. எழுத நாற்பது விநாடி ஆகிறது.

பையன் வழி: ஆப்ஷன்கள் ஏறுவரிசையில் இருப்பதால் நடுவில் உள்ள 18ஐ எடுத்தான். 18 இளநீருக்கு 630, மீதி 32 தேங்காய்க்கு 640, மொத்தம் 1270. முப்பது ரூபாய் குறைகிறது, ஆக விடை 18க்கு மேலே. 20ஐப் போட்டான்: 700 + 600 = 1300. முடிந்தது. நடுவிலிருந்து தொடங்கினால் ஒரே சோதனையில் பாதி ஆப்ஷன்கள் விழுந்துவிடும் என்பதுதான் இதன் பலம். 12இலிருந்து வரிசையாகப் போட்டுப் பார்ப்பவருக்கு அது கிடைக்காது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. பள்ளிக்கூடம் பார்க்காத என் அப்பா சந்தையில் இப்படித்தான் போடுவார். ஐம்பதும் தேங்காய் என்றே வைத்துக்கொள். 1000 ரூபாய். ஆனால் கையில் 1300 இருக்கிறது. ஒரு தேங்காயை எடுத்துவிட்டு இளநீரை வைத்தால் 15 ரூபாய் ஏறும். 300 ஏற 20 தடவை மாற்ற வேண்டும். இளநீர் 20. இந்த வழி மனத்திலேயே முடிகிறது, ஆப்ஷனும் தேவையில்லை. இரண்டு வகைப் பொருள், மொத்த எண்ணிக்கை, மொத்த மதிப்பு என்று வரும் கணக்கு எதுவானாலும் இதையே முதலில் எடுக்கச் சொல்வேன். கோழி, ஆட்டுக் கால் கணக்கும் இதுதான். இரண்டு வட்டியில் போட்ட பணமும் இதுதான். சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு என்று வரும் மதிப்பெண் கணக்கும் இதுதான். பையன் 18ஐப் போட்டு 30 ரூபாய் குறைகிறது என்று கண்டபோது, ஒரு மாற்றத்துக்கு 15 என்று பார்த்திருந்தால் இரண்டாவது சோதனைகூட வேண்டியிருந்திருக்காது. 18 + 2 = 20 என்று நேராகப் போயிருக்கலாம்.

ஆப்ஷனிலேயே எழுத்துக்கள் இருந்தால் நிலைமை வேறு. ஒருவர் ஒரு வேலையை ப நாளில் முடிப்பார், இன்னொருவர் ம நாளில். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? ஆப்ஷன்: (ப + ம) ÷ 2, பம ÷ (ப + ம), (ப + ம) ÷ பம, 2பம ÷ (ப + ம), பம ÷ 2. இங்கே நாமே எண் போட்டுப் பார்க்கலாம். ப = 3, ம = 6 என்று வைத்தால் ஒரு நாளில் மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்து பாதி வேலை. ஆக 2 நாள். ஐந்து ஆப்ஷனிலும் 3, 6 போட்டால் 4.5, 2, அரை, 4, 9. இரண்டாவதுதான் விடை. சூத்திரம் மறந்துபோனவனையும் இந்த வழி காப்பாற்றும்.

ஆனால் பையன் அன்று சோம்பலில் இரண்டுக்கும் 2 என்று வைத்தான். இரண்டு பேரும் இரண்டிரண்டு நாள், சேர்ந்தால் 1 நாள். பம ÷ (ப + ம) = 4 ÷ 4 = 1. (ப + ம) ÷ பம என்பதும் 4 ÷ 4 = 1. இரண்டு ஆப்ஷன் ஒரே விடை காட்டின, அவன் தவறானதில் கைவைத்தான். எண் போடுகிறவர் இரண்டுக்கும் ஒரே எண் போடக் கூடாது. 0, 1 இரண்டையும் ஒதுக்க வேண்டும். வினாவில் ஏற்கெனவே இருக்கும் எண்ணையும் தொடாமல் இருப்பது நல்லது. "எப்போதும் உண்மை எது" என்று கேட்டால் மட்டும் இதைத் திருப்பிப் போட வேண்டும். அங்கே அரையும் கழித்தல் எண்ணும்தான் பொய்யை வெளியே இழுக்கும். ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைவிடப் பெரியது என்பது 2, 3, 4க்கெல்லாம் சரியாகத் தோன்றும். அரையைப் போட்டால் கால் வருகிறது, கூற்று விழுந்தது.

ஆப்ஷன் வழி முழுவதும் கைவிடும் இடத்தையும் காட்டுகிறேன். க, ச இரண்டும் மிகை முழு எண்கள். கச − 3க − 2ச = 6. இத்தகைய சோடிகள் எத்தனை? ஆப்ஷன் கொடுத்தாலும் "6 சோடி" என்பதை எங்கே போட்டுச் சோதிப்பது? இரண்டு பக்கமும் 6 கூட்டினால் இடப்பக்கம் (க − 2)(ச − 3) என்று காரணிகளாகப் பிரியும், வலப்பக்கம் 12. 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள், ஆக ஆறு சோடிகள். கழித்தல் காரணிகளைப் பார்த்தால், க குறைந்தது 1 ஆதலால் க − 2 என்பது −1 வரை போகலாம். அப்போது ச − 3 = −12, ச = −9, அது மிகை எண் அல்ல. விடை 6தான். கேட் தேர்வில் இந்த மாதிரி முழு எண் கணக்கைத் தட்டச்சுக் கேள்வியாகவும் போட இடம் உண்டு. அண்ணன் மகள் தன் சமன்பாட்டை விட்டுவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வரிசை மாற்றம் (எத்தனை விதமாக அடுக்கலாம்), சேர்வு (எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்) என்று போனால் ஒப்பீடே மாறிவிடுகிறது. இந்த வேறுபாட்டைத்தான் பயிற்சி வகுப்புகளில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். இயற்கணிதத்தில் ஆப்ஷனைக் கணக்குக்குள் திருப்பிப் போட்டுச் சரிபார்க்க முடியும். எண்ணிக்கைக் கணக்கில் முடியாது. "121 வழிகள்" என்ற ஆப்ஷனை எதில் போட்டுப் பார்ப்பது? விடை இதற்கு மேல் போகாது என்று ஒரு மேல்வரம்பு வைத்துச் சிலவற்றைத் தள்ளலாம், அவ்வளவே. பையன் மூன்று மாதமாக ஆப்ஷன் வழியிலேயே பழகிவிட்டு, சேர்வுக் கணக்கு வந்ததும் தடுமாறியது இதனால்தான். அவனுக்கு மூளை போதவில்லை என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தான். கருவிதான் அந்த வேலைக்கு உரியதல்ல.

இங்கே நாம் முடிவு செய்ய வேண்டியது, நேராக எண்ணுவதா, வேண்டாததை எண்ணிக் கழிப்பதா என்பது. கோயில் கமிட்டிக்கு 5 பெண்கள், 4 ஆண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 4 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆண் ஒருவராவது இருக்க வேண்டும். எத்தனை வழி?

நேர் வழியில் நான்கு தனி நிலைகள். ஓர் ஆண், மூன்று பெண்: 4 × 10 = 40. இரண்டு ஆண், இரண்டு பெண்: 6 × 10 = 60. மூன்று ஆண், ஒரு பெண்: 4 × 5 = 20. நால்வரும் ஆண்: 1. மொத்தம் 121. கழித்தல் வழியில் 9 பேரில் 4 பேரை எடுக்க 9 × 8 × 7 × 6 ÷ 24 = 126 வழி. ஆணே இல்லாத கமிட்டி, 5 பெண்களில் 4 பேர், 5 வழி. 126 − 5 = 121. ஐயமே இல்லை, கழித்தல் வழி சுருக்கம்.

இதைப் பார்த்ததும் "ஒருவராவது என்றால் கழி" என்று ஒரு விதியாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அதே கமிட்டியில் குறைந்தது மூன்று ஆண் என்று மாற்றுங்கள். நேர் வழியில் 20 + 1 = 21. கழித்தல் வழியில் ஆண் இல்லாதது, ஓர் ஆண், இரண்டு ஆண் என்று மூன்று நிலைகளை எண்ணி 126 − 5 − 40 − 60 = 21. இப்போது நேர் வழிதான் சுருக்கம். சொல்லைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வேண்டிய பக்கம் எத்தனை நிலை, வேண்டாத பக்கம் எத்தனை நிலை என்று விரலை மடக்கிப் பார்த்து, குறைந்த பக்கம் போக வேண்டும். இதற்கு ஐந்து விநாடிதான்.

இதே கணக்கில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. "ஓர் ஆணை முதலில் எடுத்துவிடுகிறேன், 4 வழி. மீதி 8 பேரில் 3 பேர், 56 வழி. 4 × 56 = 224." கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் எந்த நிபந்தனையும் இல்லாமலே மொத்தம் 126 வழிதான். நிபந்தனை போட்டபின் 224 எப்படி வரும்? இரண்டு ஆண்கள் உள்ள கமிட்டியை, ஓர் ஆணை முதல் ஆளாக எடுத்து ஒரு முறை, மற்ற ஆணை முதல் ஆளாக எடுத்து ஒரு முறை என, இப்படிப் போடுபவர் இரண்டு தடவை எண்ணிவிட்டார். மூன்று ஆண் கமிட்டியை மூன்று தடவை. வினா அமைப்பவர்கள் 224ஐயும் ஆப்ஷனில் வைப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டும். ஆகவே எந்தச் சேர்வுக் கணக்கானாலும் நிபந்தனையற்ற மொத்தத்தை முதல் வரியில் எழுது என்று இருவருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

கழித்தல் வழியின் அழகு எனக்கு அறுசுவைக் கணக்கில்தான் நன்றாகத் தெரிகிறது. ஆறு சுவைகளை ஒன்றாக, இரண்டாக, மூன்றாக என்று ஆறு வரை சேர்த்து எத்தனை கலவை செய்யலாம் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் கேட்டிருக்கிறார். நேர் வழியில் 6 + 15 + 20 + 15 + 6 + 1 = 63. மறுபக்கமாகப் பார்த்தால் ஒவ்வொரு சுவையும் உண்டு அல்லது இல்லை, இரண்டே நிலை. ஆறு சுவைக்கு இரண்டை ஆறு முறை பெருக்க 64. எதுவுமே சேராத வெறும் பாத்திரம் ஒன்றைக் கழித்தால் 63. இதைச் சொன்ன அன்று அண்ணன் மகள் உள்ளே போய் அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

இடைவெளி வழி என்று இன்னொன்றும் கைவசம் வேண்டும். கல்யாண வீட்டில் 7 பேர் வரிசையாக நின்று போட்டோ எடுக்கிறார்கள். அதில் மூன்று பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவர்களில் எந்த இருவரும் அடுத்தடுத்து நிற்கக் கூடாது. கழித்தலில் போனால் நிபந்தனையற்ற மொத்தம் 7!, அதாவது 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 5040. ஒரு சோடி ஒட்டி நிற்க 1440, மூன்று சோடிக்கு 4320. இதை அப்படியே கழித்து 720 என்று எழுதுபவர்கள் உண்டு. அது தவறு, மூவரும் ஒட்டி நிற்கும் 720 நிலைகளை இரண்டு முறை கழித்தாயிற்று. திருப்பிக் கூட்டினால் 1440. இடைவெளி வழியில் மற்ற நால்வரை முதலில் நிறுத்துகிறோம், 24 வழி. ஓரங்களையும் சேர்த்து ஐந்து இடைவெளி. மூன்று பங்காளிகளும் ஆளுக்கொரு இடைவெளி, 5 × 4 × 3 = 60. 24 × 60 = 1440. இருவர் மட்டும் விலகி நிற்பதென்றால் எந்த வழியும் ஒன்றுதான். மூவருக்கு மேல் போனால் இடைவெளி வழிக்கு ஈடில்லை.

இந்தக் கணக்கில்தான் மொழிச் சிக்கலும் வருகிறது. "மூன்று பேரும் சேர்ந்து நிற்கக் கூடாது" என்று வீட்டில் சொன்னால் அது இரண்டு பொருளும் தரும். மூவரும் ஒரே கொத்தாக நிற்கக் கூடாது என்றால் 5040 − 720 = 4320. எந்த இருவரும் ஒட்டக் கூடாது என்றால் 1440. ஆங்கில வினாத்தாள் "நோ டூ" என்று இரண்டே சொல்லில் இதைப் பிரித்துக் காட்டிவிடும். தமிழில் யோசித்துப் போடுகிற பிள்ளை அந்த இரண்டு சொல்லை "யாரும் சேர்ந்து நிற்கக் கூடாது" என்று மனத்தில் தளர்வாக மாற்றிக்கொண்டு 4320ஐத் தொட்டுவிடும். தமிழில் யோசிப்பதை நான் ஒருபோதும் தடுக்கமாட்டேன். ஆனால் "அட் லீஸ்ட்" குறைந்தது, "அட் மோஸ்ட்" அதற்கு மிகாமல், "நோ டூ" எந்த இருவரும் இல்லை, "டிஸ்டிங்க்ட்" வெவ்வேறு என்று நாலைந்து சொல்லுக்கு மட்டும் மாறாத தமிழை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். எழுத்துக் கணக்கிலும் கவனம் வேண்டும். பாலக்காடு என்று தமிழில் எழுதினால் ஐந்தும் வேறு வேறு எழுத்து, 120 வரிசை. ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, அதில் ஏ மூன்று, கே இரண்டு. 40320ஐ 6 × 2 ஆல் வகுத்து 3360.

ஊகிப்பது பற்றி ஒரு வார்த்தை. கேட் தேர்வில் நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிக் கைவைத்தால் சராசரியில் வரவும் இல்லை, செலவும் இல்லை. நான்கில் ஒரு தடவை 3, மூன்று தடவை −1. மேல்வரம்பு வைத்து ஒன்றைத் தள்ளிவிட்டால் மூன்றில் ஒரு தடவை 3, இரண்டு தடவை −1, கொஞ்சம் லாபம். தட்டச்சுக் கேள்வியை வெறுமையாக விடவே கூடாது, கழிவு இல்லையே. ஜீமேட்டில் முடிக்காமல் விடுவதற்குத்தான் தண்டனை. அதனால் கடைசி நிமிடத்தில் எதையாவது தொட்டுவிட வேண்டும். ஒரு பகுதிக்குள் மூன்று விடைகள் வரை திரும்பப் போய் மாற்ற அங்கே இடம் உண்டு. அந்த மூன்றையும் நான் சேர்வுக் கணக்குகளுக்கே ஒதுக்கச் சொல்வேன். இயற்கணித விடையை அங்கேயே சரிபார்த்துவிடலாம், சேர்வு விடையைத்தான் தலை ஆறியபின் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே அண்ணன் மகளுக்கு நான் சொன்னது இது. "கண்ணு, உன் சமன்பாட்டை விடாதே. முன்னாடி தாத்தா வழி, பின்னாடி ஆப்ஷனைப் போட்டுச் சரிபார்க்கறது, இந்த ரெண்டையும் சேர்த்துக்கோ." தே + இ என்று எழுதும் முன் "எல்லாம் தேங்காய்தான்" என்று ஒரு முறை நினைத்துப் பார்க்கிறாள் இப்போது. பையனுக்குச் சொன்னது நேர்மாறு. ஜீமேட்டில் ஆப்ஷன் எப்போதும் இருக்கிறது, அவன் வழி இயற்கணிதத்தில் அவனுக்குப் பெரிய பலம். அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் சேர்வுக் கணக்கில் ஆப்ஷனைத் தாளால் மறைத்துவிட்டுப் போட வேண்டும். முதல் வரியில் நிபந்தனையற்ற மொத்தம், அதன் கீழே வேண்டியது, வேண்டாதது என்று இரண்டு பத்தி, குறைந்த பத்தியில் கணக்கு. விடை வந்தபிறகுதான் தாளை எடுக்கலாம்.

நேற்றுச் சாயங்காலம் இருவருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தேன். 10 லட்டு, 4 குழந்தைகள், ஆளுக்கு ஒன்றாவது கிடைக்க வேண்டும், லட்டு எல்லாம் ஒரே மாதிரி. எத்தனை விதமாகப் பங்கிடலாம்? அவள் நான்கு எழுத்து வைத்துக் கூட்டுத்தொகை 10 என்று சமன்பாடு எழுதினாள். அவன் தாளில் பத்துப் புள்ளி வைத்து, இடையில் உள்ள ஒன்பது சந்துகளில் மூன்று கோடு போட்டான். 9 × 8 × 7 ÷ 6. இருவர் தாளிலும் 84.